வதனாவைப் பார்க்க ஒரு ரீவி

ஹலோ... ஹலோ, தம்பி? நிர்மலன், நான் மலரக்கா... ஓம், ஓம், கடைக்குள்ள நிக்கிறன், அதுதான் இரைச்சல். நீ எங்க நிக்கிறாய்?... ஆற்றையோ வீட்டுக் கூரையிலயோ? ஏணியில நிண்டுகொண்டோ கதைக்கிறாய்? ஐயோ, இறங்கிப்போட்டு எடு... சரி, சரி, ஒரு கையால பிடிச்சுக்கொள். கெதியாக் கேக்கிறன். பிளாஸ்மாவோ, எல்சிடியோ? எதை வாங்கிறது?

ஓம், ரீவிதான்... வெம்பிளியில... இல்லை, சின்னக் கடை இல்லை, பெரிய கடை. ஒரு சுவர் முழுக்க ரீவிதான். எல்லாத்திலயும் மீன் ஓடுது. எனக்கெண்டால் ஒரு வித்தியாசமும் தெரியேல்ல, எல்லா மீனும் வடிவாத்தான் கிடக்கு. ஒண்டில 'எச்டி ரெடி' எண்டு ஒட்டியிருக்கு, பக்கத்தில இருக்கிறது 'புல் எச்டி'யாம். ரெடி எண்டால் இன்னும் ஆகேல்ல எண்டதோ?... சிரிக்காத. எனக்குத் தெரியாமல்தானே உன்னைக் கேக்கிறன். நீ ஜெர்மனியில இருந்து வந்த நாளில இருந்து ஊருக்கெல்லாம் டிஷ் பூட்டுறாய், சொந்த அக்காவுக்கு ஒரு ரீவி சொல்ல மாட்டியோ?

பழசோ?... அது வியாழக்கிழமை முடிஞ்சுது. நடுவால ஒரு வெள்ளைக் கோடு விழுந்துது, பிறகு அதுவும் இல்லை. உன்ர அத்தான் மேல தட்டினார், பக்கத்தில தட்டினார், பின்னால போய் வயரெல்லாம் கழட்டிப் பூட்டினார்... ஓம், சரிவரேல்ல. பிறகு வந்து சோபாவில இருந்து அந்தக் கறுப்புக் கண்ணாடியையே பாத்துக்கொண்டு இருந்தார். பகல் முழுக்க. நான் சோத்தைக் கொண்டுபோய் மடியில வச்சன், அப்பிடியே ஆறிப் போச்சு.

வேலையோ... எங்க போறார்? பெற்றோல் ஸ்டேசன் முதலாளி நேற்றும் போன் எடுத்தவர். ஒரு ஷிப்டாவது செய்யட்டாம். இவர் கேக்கிறதே இல்லை. ஏப்ரலில பாராளுமன்றத்துக்கு முன்னால ஆர்ப்பாட்டத்தில மழைக்குள்ள போய் நிண்டார், அப்பவாவது சனத்தோட நிண்டார். மே மாசம் ஊரில சண்டை எல்லாம் முடிஞ்ச பிறகு ரீவிக்கு முன்னால இருந்தவர்தான், எழும்பேல்ல. இண்டைக்குத்தான் விடிய எழும்பி, ஷேவ் எடுத்து, சேட்டு மாத்தி, 'மலர், வெளிக்கிடு, ரீவி வாங்கப் போவம்' எண்டவர். மனுசன் வாசலுக்கு வந்ததே எனக்குக் காணும் எண்டு நானும் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தனான்.

அளவோ? அதுதான்டா பிரச்சினை. ஐம்பது இஞ்சி வேணுமாம்... ஓம், ஐம்பது! எங்கட ஹோலுக்கை! சோபாவில இருந்தால் முழங்கால் ரீவியில முட்டும்... சொன்னனான், சொன்னனான். சோபாவைத் தூக்கி எறிவமாம்.

பொறு, கடைப் பெட்டை வாறாள்... யெஸ், யெஸ், மை பிரதர். ஹீ நோஸ் ரீவி. வன் மினிட் ப்ளீஸ்... கத்தரின் எண்டு பேர் குத்தியிருக்கிறாள், நல்ல பெட்டை. அரை மணித்தியாலமா எங்களோடதான் நிக்கிறாள். அஞ்சு வருசக் கரண்டியாம்... கரண்டி இல்லையடா, கறண்டி. வாரண்டி! பார், என்ர நாக்கும் குழம்புது.

ஏன் அவ்வளவு பெரிசு எண்டோ?... உனக்குத் தெரியாதே. வதனாவுக்குத்தான். தன்ர தங்கச்சியைப் பெரிசாப் பாக்க வேணுமாம்.

ஓம்... அந்தத் துண்டுதான். மே மாசக் கடைசியில செய்தியில காட்டினவங்கள், முகாமில தண்ணிக்கு வரிசையில நிக்கிறது. நாலு செக்கன்ட். அதை மகள் கௌசி டிஸ்கில அடிச்சுக் குடுத்ததுதான் வந்த வினை. ஒரு நாளைக்கு எத்தினை தரம் போடுறார் எண்டு நீ நினைக்கிறாய்? கௌசி யூனிக்குப் படிக்கப் போகேக்க ஓடிக்கொண்டிருக்கும், வரேக்கையும் ஓடிக்கொண்டிருக்கும். இப்ப ஒரு கிழமையாப் புதுக் கதை ஒண்டு. வதனாவின்ர வலக்கை தெரியேல்லயாம்... ஓம், கை. இடக்கையில தண்ணிக் கான் பிடிச்சிருக்கிறாள், வலப்பக்கம் இருட்டாக் கிடக்கு. எங்கட ரீவியில எல்லாமே இருட்டுத்தானே. 'மலர், கை இருக்கோ, இல்லையோ?' எண்டு கேக்கிறார். நித்திரையில இருந்து எழும்பிக் கேக்கிறார். நான் என்னத்தைச் சொல்ல? இருக்கு எண்டால், 'எங்க, காட்டு' எண்டுறார்.

என்ன?... டிஸ்க்கோ? இல்லை, அது வீட்டில... ஐயோ கடவுளே. பொறு. பொறு, நிர்மலன்.

இஞ்சாருங்கோ! என்னப்பா அது கையில? அதை ஏன் அந்தப் பிள்ளையிட்டக் குடுக்கிறியள்?... கடையில எப்பிடியப்பா... சனம் நிக்குது!

தம்பி, ஜக்கற் பொக்கற்றுக்குள்ள டிஸ்கைக் கொண்டுவந்திருக்கிறார். எனக்குச் சொல்லேல்ல. போட்டுப் பாத்துத்தான் வாங்குவாராம்... அவள் என்னைப் பாத்துக் கேக்கிறாள், ஆர் இது எண்டு... கத்தரின், திஸ் இஸ் ஹிஸ் சிஸ்டர். ஒன்லி சிஸ்டர். ஸ்ரீலங்கா. வார் பினிஷ்ட், நோ லெட்டர், நோ போன். ஒன்லி திஸ்... ஓம் தம்பி, சொன்னன். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில சொன்னன். பெட்டையின்ர முகம் மாறிப் போச்சு. உள்ளுக்குக் கேட்டுப்போட்டு வாறன் எண்டு போறாள்.

நான் எப்பிடி மறிக்கிறது? நீ சொல்லு. நீ எண்டால் மறிப்பியோ?

ம்... ம்... காரில வரேக்கையும் சேகரைப் பற்றித்தான் கதை. ஓம், உன்ர சிநேகிதன் சேகர்தான். தங்கச்சியின்ர முப்பத்தொண்டாம் நாள் பூசையில சேகர் இவரைக் கட்டிப்பிடிச்சு அழுதவன்தானே. அண்டையில இருந்து இவருக்கு அது ஒரு முள்ளு மாதிரி. 'நான் சொல்லித்தானே மலர் அவன் நம்பினவன்' எண்டுறார்... அதுதானே, நானும் அதைத்தான் சொன்னனான். பாதர் வவுனியாவில இருந்து போன் எடுத்துச் சொன்னது என்ன? பங்கருக்குள்ள ஒண்டா இருந்த ரெண்டு பாலர் பள்ளி ரீச்சர்மாரில ஒராள் செல் பட்டு முடிஞ்சுது, மற்றவ தப்பி முகாமுக்குப் போட்டா, ஆர் எவர் எண்டு பேர் தெரியாது எண்டு. ரெண்டு பேர் எண்டால் எங்கட வதனாவும் சேகரின்ர தங்கச்சி றோஸ்மலரும்தானே. இவர் வதனாவை ரீவியில கண்டிட்டார். அப்ப போனது றோஸ்மலர். அதில இவர் என்ன பிழை செய்தவர்? கண்டதைச் சொன்னவர்... ஓம். ஓமோம். எங்கட ஆள் இருக்கிறாள் எண்டு சேகரிட்டச் சொல்லேக்க இவருக்கு வாய் கூசினதுதான். நான் பக்கத்தில நிண்டனான்.

ஆ... வந்திட்டாள். ஓமாம். மனேச்சர் ஓமெண்டிட்டாராம். மீன் ஓடுற மெசினுக்குள்ள டிஸ்கைப் போடுறாள்.

...

தம்பி.

தம்பி, எல்லாத்திலயும் வந்திட்டுது... ஒரு ரீவியில இல்லை, எல்லாத்திலயும்! சுவர் முழுக்க! முப்பது, முப்பத்தைஞ்சு ரீவி இருக்கும், எல்லாத்திலயும் முகாம். ஆக்கள் நிண்டு பாக்கினம். ஒரு குஜராத்திக் குடும்பம் நிக்குது, அந்தச் சின்னன் மீன் எங்க எண்டு தாயைக் கேக்குது.

ஒவ்வொண்டிலயும் ஒவ்வொரு மாதிரியடா. ஒண்டில மண் சிவப்பு, ஒண்டில பச்சை. அதோட... பெரியதுகளில எல்லாரும் குண்டு! தண்ணிக்கு நிக்கிற சனம் எல்லாம் கொழுத்துப் போய் நிக்குது. உன்ர அத்தான் சிரிக்கிறார். 'பார் மலர், தங்கச்சி உடம்பு வச்சிட்டாள்' எண்டு சிரிக்கிறார். எனக்கு இவர் சிரிச்சதைக் கேட்டு எத்தினை நாள்...

என்னது? இழுபடுதோ?... நாலுக்கு மூண்டோ? றிமோட்டிலயோ? பொறு, சொல்றன்... கத்தரின், மை பிரதர் சேயிங், பிக்சர் இஸ் புல்லிங். போர், த்ரீ. யெஸ், போர் த்ரீ... ஆ, அமத்திறாள். ஓம்... ஓ. மெலிஞ்சிட்டினம். எலும்பும் தோலுமாப் போட்டினம், தம்பி. முந்தினது பொய்தான் என்ன.

இவர் ஐம்பதுக்கு முன்னால போய் நிக்கிறார். மூக்கு முட்டுது. ஒண்டும் விளங்கேல்லயாம். எனக்கும்தான், முகம் எல்லாம் கட்டம் கட்டமா உடைஞ்சு போகுது... அது எல்சிடிதான். ஓம், எல்சிடி எண்டு எழுதியிருக்கு... அப்பிடியே? படம் வாறதே மங்கலா வந்தால், ரீவி பெரிசாகப் பெரிசாக இன்னும் பழுதோ? அப்ப காசைக் குடுத்து என்ன பிரயோசனம்?... ம்... நாப்பத்திரண்டு. பிளாஸ்மா. எட்டடி தள்ளி நிண்டு. சரி.

இஞ்சாருங்கோ, இஞ்சால வாங்கோ! தம்பி சொல்றான், உது சரிவராதாம். அங்கால இருக்கிற பிளாஸ்மாவில பாக்கட்டாம். கிட்டப் போகக்கூடாதாம், எட்டி நிண்டு பாக்கட்டாம்... ஓம், நிர்மலன்தான் சொல்றான்... கத்தரின், திஸ் வன். கேன் யூ ஸ்டொப் தெயர்? வென் ஷீ டேர்ன்ஸ்... யெஸ், யெஸ்.

இப்ப பிளாஸ்மாவில பாக்கிறம், தம்பி. வரிசை வருது... உது நல்ல வடிவாக் கிடக்கு. சேலைக் கரை கூடத் தெரியுது. இப்ப திரும்பப் போறாள்... திரும்புறாள்...

இருக்கு! தம்பி, கை இருக்கு! ரெண்டு கையும் இருக்கு! வலக்கையில பிளாஸ்ரிக் வாளி ஒண்டு, கறுப்பு வாளி, அதுதான் எங்கட ரீவியில இருட்டாத் தெரிஞ்சிருக்கு! ஐயோ என்ர அம்மாளாச்சி... இவர் கையைத் தட்டுறார். கத்தரினின்ர கையைப் பிடிச்சுக் குலுக்குறார். 'டூ ஹேன்ட்ஸ், டூ ஹேன்ட்ஸ்' எண்டுறார். அவளும் கண்ணைத் துடைக்கிறாள்... ஓம் ராசா, நீதான் சொன்னாய், உன்னாலதான். நல்லா இருப்பாய். சரி, அப்ப பிளாஸ்மாவே எடுப்பம் என்ன? நாப்பத்திரண்டு காணும்... சோபாவையும் எறியத் தேவையில்லை... ம்... உன்ர வானில ஏத்தலாமே? அப்பிடியெண்டால் பின்னேரம் நீ...

...

ஒண்டுமில்லை.

...

இல்லை, நிக்கிறன். லைன் வெட்டுப்படேல்ல... பொறு. நான் கொஞ்சம் தள்ளி வாறன். வைச்சிடாத.

இப்ப கேக்குதே? வாஷிங் மெசின் பக்கம் வந்திட்டன். மெல்லத்தான் கதைப்பன், இவர் அங்கால நிக்கிறார்.

நிர்மலன், அது வதனா இல்லை.

...

எனக்குத் தெரியாதே? என்ர கலியாணத்துக்கு எனக்குத் தலை இழுத்துப் பின்னி விட்டவள்... வடிவாப் பாத்தனான். கத்தரின் நிப்பாட்டி வச்சிருக்கிறாள், இப்பவும் அப்பிடியே நிக்குது. கையைத்தான் எல்லாரும் பாத்தம். பிறகுதான் நான் முகத்தைப் பாத்தனான். ஆரையோ கூப்பிடுறாள், வாய் திறந்திருக்கு. தெத்துப்பல் தெரியுது. வதனாவுக்கு ஏது தெத்துப்பல்?... ஓம், எங்கட ரீவியில அந்த இடம் வெறும் கறுப்பு. உயரம் அதுதான், கொண்டை போட்டதும் அதே மாதிரித்தான், அதில ஏமாந்திட்டம்.

நீ நினைக்கிறதைத்தான் நானும் நினைக்கிறன். பாலர் பள்ளிக்கு முன்னால ரெண்டு பேரும் நிண்டு எடுத்த படம், போன வருசம் வதனா அனுப்பினவள், எங்கட ஹோலில மாட்டிக் கிடக்கு. அதில வதனாவுக்குப் பக்கத்தில நிண்டு சிரிக்கிறவள்... ஓம். றோஸ்மலர்.

ஓம்டா, சேகரின்ர தங்கச்சி. இருக்கிறாள். வாளியோட, கானோட, ரெண்டு கையோட நிக்கிறாள்.

அப்ப அந்தப் பாதர் சொன்ன மற்ற ஆள்...

...

தம்பி? நிக்கிறியே?... ஏணியில இருந்து இறங்கு. தயவுசெய்து இறங்கு... இறங்கிட்டியே?

பாதர் பிழையாச் சொல்லியிருக்கலாம்தானே? அந்தச் சண்டைக்குள்ள ஆர் ஆரைக் கண்டது? அவர்தான் பேரும் தெரியாது எண்டவர். வேற ரெண்டு ரீச்சர்மாராயும் இருக்கலாம்தானே? சொல்லன்டா ஏதாவது... இவ்வளவு நேரமும் பிளாஸ்மா எல்சிடி எண்டு எல்லாம் சொன்னாய்தானே...

இவரோ?... தெரியேல்ல. இவரின்ர பின்பக்கம்தான் தெரியுது. கை தட்டுறதை விட்டிட்டார். சும்மா நிக்கிறார்.

தம்பி, நான் ஒண்டு கேக்கிறன், நீ ஏசக்கூடாது. இஞ்ச பத்தொன்பது இஞ்சி ஒண்டு இருக்கு, அடுப்படியில வைக்கிற மாதிரி. நான் இஞ்சால வரேக்க அதிலயும் பாத்தனான். அதில அவள் வதனா மாதிரித்தான் இருக்கிறாள். அச்சு வதனாதான். அதை வாங்கிக்கொண்டு போவமோ? பெரிசு இடம் காணாது எண்டு சொல்லி... 

...

ம்.

...

ஓம். விளங்குது... சேகர். ஓம்... அவன் பூசையும் வச்சு, துக்கத்துக்குக் கையில கறுப்புத் துண்டும் கட்டிக்கொண்டு திரியிறான். தெரியும். தங்கச்சி உயிரோட நிக்கேக்க அவன் அழுதுகொண்டு இருக்கிறான். நீ சொல்றது சரி. சரிதான் ராசா. முகாமில போய்த் தேட வேண்டியவன், தேடாமல் இருக்கிறான், எங்கட கதையைக் கேட்டு. எல்லாம் சரி. ஆனால் நீ இஞ்ச நிக்கேல்லத்தானே. இந்த மனுசனிட்ட நான் எந்த வாயால சொல்லுவன்? மே மாசத்தில இருந்து இவர் உயிரோட இருக்கிறதே அந்த நாலு செக்கன்டாலதான்.

நீ வாறியோ?... நோர்பரியில இருந்து வர ஒண்டரை மணித்தியாலமாகும், அதுவரைக்கும் நான் இவரை இஞ்ச வச்சுக்கொண்டு... பொறு. பொறு!

ஐயோ, நிலத்தில இருந்திட்டார். கத்தரின் ஓடுறாள். போனைப் பிடிச்சுக்கொள், தம்பி...

என்னப்பா? என்ன செய்யுது? நெஞ்சு நோகுதே?... இல்லையே? தண்ணி குடியுங்கோ, அந்தப் பிள்ளை கொண்டுவாறாள்... என்ன?... ஓம்.

ஓமப்பா.

எனக்கும் தெரியும். இப்பதான், இப்பதான் கண்டனான், சத்தியமா... இல்லை, ஒளிக்கேல்ல. உங்களுக்கு எப்பிடிச் சொல்லிறது எண்டுதான் தம்பியைக் கேட்டுக்கொண்டு நிண்டனான்... ஓம். பல்லுத்தான். நானும் அதைத்தான் பாத்தனான்... எழும்ப வேண்டாம், இருங்கோ. ஒருத்தரும் ஒண்டும் சொல்லாயினம். இருங்கோ.

...

தம்பி, அவரே சொல்லிட்டார். 'மலர், இது சேகரின்ர தங்கச்சி' எண்டார். அவ்வளவுதான்... இல்லை, அழேல்ல. நானும் அழேல்ல. நிலத்தில பக்கத்தில இருக்கிறன். பிளாஸ்மாவில அவள் அப்பிடியே வாயைத் திறந்தபடி நிக்கிறாள், பாவம், ஆரைக் கூப்பிடுறாளோ.

கத்தரினுக்கு ஒண்டும் விளங்கேல்ல. இப்பதானே சந்தோசப்பட்டவை எண்டு பாக்கிறாள். காட்சிக்கு வச்ச ரீவி எண்டபடியால் பத்து வீதம் குறைச்சுத் தரலாமாம், மனேச்சரைக் கேட்டுக்கொண்டு வந்து சொல்றாள்... நோ, நோ டார்லிங், நொட் த பிரைஸ். ரீவி இஸ் குட். வெரி குட் ரீவி. திஸ் லேடி, நொட் ஹிஸ் சிஸ்டர்... சொல்லிப்போட்டன். அவளும் வந்து பக்கத்தில குந்தி இருக்கிறாள். யூனிபோமோட.

இல்லை தம்பி, ஒண்டும் வாங்கேல்ல. ஆர் இப்ப ரீவி வாங்கிறது?

என்னப்பா?... ஆற்றை?... இப்பவோ? வீட்டை போய் எடுக்கலாம்தானே... நிர்மலன் சொல்லுவான், அவன் நோர்பரியில பக்கத்தில இருக்கிறவன், நேர போய்ச் சொல்லுவான், நீங்கள் ஏன்... சரி. சரியப்பா. கேக்கிறன்.

தம்பி, சேகரின்ர நம்பர் கேக்கிறார். தான்தான் சொல்ல வேணுமாம். முதல் சொன்னதும் தானாம், அதைத் திருத்திறதும் தானாம்... நானும் சொல்லிப் பாத்தன், கேக்கிறார் இல்லை. நீ சேகரிட்ட எடுக்காத. வேண்டாம், நேரயும் போகாத. இவர் கதைச்ச பிறகு போய் அவனோட இரு. அவனும் தனியத்தானே இருக்கிறான்... ஓம், சொல்லு, இந்த விலை அட்டையின்ர பின்பக்கம் எழுதிறன்... ஓம்... ஓம்... ஆறோ, ஒன்பதோ?... ஆறு. சரி. கடைசி ரெண்டும் நாலு. எழுதிட்டன்.

அத்தான் என்ன சொல்லப் போறாரோ?... கேட்டனான். 'உன்ர தங்கச்சி இருக்கிறாள், நான் கண்ணால கண்டனான்' எண்டு அதை மட்டும்தான் இப்ப சொல்லுவாராம். படம் எடுத்தது மே மாசம், அதுக்குப் பிறகு தெரியாது எண்டும் சொல்லுவாராம். முகாமில பேர் குடுத்துத் தேடச் சொல்லுவாராம். வதனாவின்ர கதை அவன் கேட்டால் மட்டும்தானாம். அவன் சந்தோசப்படுற நேரம் இடையில நாங்கள் எதுக்காம்...

ஓம், நான் இவரோடதான். காரை நான் ஓட்டிக்கொண்டு போறன்... கௌசிக்கு நான் சொல்றன்... தெரியாது, தம்பி, எப்பிடிச் சொல்லுவன் எண்டு தெரியாது.

சரி, வைக்கிறன். இவர் தன்ர போனை வீட்டில விட்டிட்டு வந்தவர், கையை நீட்டிக்கொண்டு இருக்கிறார். இந்தப் போன் அவருக்கு வேணுமாம்.